மாடி லேப்டாப்பும் கீழ்வீட்டு டெஸ்க்டாப்பும் நெட்வொர்க்கில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. உதவி தேவை

மாடிவாசி:
வணக்கம். கீழே ஹாலில் விண்டோஸ் 10 டெஸ்க்டாப், மாடியில் விண்டோஸ் 11 லேப்டாப். ஃபைபர் பெட்டி கீழே இருக்கிறது. மாடியில் வைஃபை எடுக்காததால் கேபிள் இழுத்து, சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறோம். இரண்டிலும் நெட் ஜோராக வருகிறது. ஆனால் நெட்வொர்க் ஃபோல்டரைத் திறந்தால் அதது தன் பெயரை மட்டும்தான் காட்டுகிறது. டிஸ்கவரி (மற்ற கம்ப்யூட்டர்களைக் காட்டும் செட்டிங்), ஷேரிங் எல்லாம் ஆன். ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தாச்சு. ஹோம்குரூப் (வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் ஃபைல் பகிரும் விண்டோஸ் வசதி) போடச் சொல்கிறார் நண்பர், அந்த ஆப்ஷனையே காணோம்.

கீபோர்டுகாரன்:
ப்ரோ, விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி 1 (ஃபைல் பகிர்வதற்கான பழைய முறை) டிக் பண்ணுங்க. எனக்கு உடனே வந்துச்சு.

பழையவயர்:
எஸ்எம்பி 1 வேண்டவே வேண்டாம். 2017-ல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் புரோகிராம்) பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். ஹோம்குரூப்பை 2018-லேயே, விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில், மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது, தேடாதீர்கள். ஃபயர்வாலை முதலில் ஆன் செய்யுங்கள். பிறகு இரண்டிலும் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்து, ஐபிவி4 வரியை, அதாவது அந்த மெஷினின் ஐபி எனும் நெட்வொர்க் முகவரியை மட்டும் இங்கே போடுங்கள்.

மாடிவாசி:
டெஸ்க்டாப் 192.168.1.5, லேப்டாப் 192.168.0.102. ஒரு விசித்திரம் சார்: லேப்டாப்பிலிருந்து பிங் பண்ணினால் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்தால்) டெஸ்க்டாப் பதில் தருகிறது. அங்கிருந்து இங்கே பண்ணினால் டைம் அவுட்.

பழையவயர்:
விசித்திரமே இல்லை, நோய் அதுதான். மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: கீழே 1, மேலே 0. உங்கள் வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது. மாடி ரவுட்டர் கீழ்ப்பெட்டியை வெளியுலக இன்டர்நெட்டாக நினைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறது. போகலாம், வரமுடியாது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று கம்ப்யூட்டர் கூவுவதும் அந்த ரவுட்டரைத் தாண்டாது. விண்டோஸில் எந்த செட்டிங்கைத் தட்டினாலும் பலன் இருக்காது.

மாடி ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' (தனி நெட்வொர்க் போடாமல் கீழ்ப்பெட்டியின் நெட்வொர்க்கையே நீட்டுவது) இருந்தால் அதைப் போட்டால் போதும். இல்லையென்றால் அதன் ஐபியை 192.168.1.250 போல, கீழ்ப்பெட்டி யாருக்கும் தானாகக் கொடுக்காத ஒரு எண்ணுக்கு மாற்றி, டிஹெச்சிபியை (தானாக ஐபி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, கேபிளை வேன் (WAN, இன்டர்நெட் உள்ளே வரும்) போர்ட்டிலிருந்து கழற்றி லேன் (LAN, வீட்டு மெஷின்களுக்கான) போர்ட்டில் செருகுங்கள். இந்த வரிசை முக்கியம். கேபிளை முதலில் மாற்றினால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டுக்கொண்டு ஐபி கொடுக்கும், வீடே தடுமாறும்.

மாடிவாசி:
என் ரவுட்டரில் அந்த மோட் இல்லை, இரண்டாவது வழிதான் செய்தேன். லேப்டாப் இப்போது 192.168.1.7. டெஸ்க்டாப் பெயரும் தெரிகிறது! ஆனால் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது. பின் நம்பர் போட்டால் ஏற்கவில்லை.

பழையவயர்:
பின் நம்பர் அந்தந்த மெஷினுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். டெஸ்க்டாப்பில் இருக்கும் கணக்கின் முழு பாஸ்வேர்டைக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் யூசர்நேம் இடத்தில் மின்னஞ்சல் முகவரி. லேப்டாப்பில் நெட்வொர்க் 'பிரைவேட்' (நம்பகமான வீட்டு நெட்வொர்க்) என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபி மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்து 'பப்ளிக்' போட்டிருக்கும்.

மாடிவாசி:
பப்ளிக்தான் இருந்தது. மாற்றிவிட்டேன், இப்போது இரண்டு பக்கமும் திறக்கிறது. அப்பாவின் போட்டோ ஃபோல்டர் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நன்றி சார்.