செனின் பிளாங்க் திராட்சை நம்ம பக்கம் சரிப்படுமா?

உசிலம்பட்டியான்:
மாமாவுக்குச் சின்னமனூரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. நாசிக்கில் வெள்ளை ஒயினுக்குப் போடுகிற செனின் பிளாங்க்கை அரை ஏக்கரில் வைக்கலாமா என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பந்தல்காரன்:
கொடி வளரும் தம்பி. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு ரகம்தான், ஆனால் வெயிலிலும் புளிப்பை விடாது, அதனால்தான் தென்னாப்பிரிக்காவிலும் நாசிக்கிலும் நிலைத்தது. சிக்கல் எங்கே என்றால், குலை நெருக்கமானது, பழுக்கிற நேரம் மழை பிடித்தால் உள்ளேயே அழுகும். நாசிக்கில் செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, அதாவது கொடியை வெட்டிவிட்டு, மழையில்லாத மாதங்களில் அறுப்பார்கள். நமக்கு ஐப்பசி மழை இருக்கே!

மண்டித்தம்பி:
வாங்க ஆள் யார்? ஆலை ஒப்பந்தம் இல்லாமல் நட்டால், மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் இந்தப் பொடிப் பழத்தை யாரும் சீந்த மாட்டார்கள்.

அழகர்கோவிலான்:
ஒயின் மட்டும் அருமை, ஆப்பிள் வாசம். இதே பழத்தில் இனிப்பில்லாததும் வரும், தேன் மாதிரியும் வரும், நுரைக்கிறதும் வரும்.