வேலைத்திட்டம் முடிந்தபின் ஒரு சிறு மீளாய்வுக் கூடல்: குறை சொல்லும் கூட்டமாக மாறாமல் நடத்துவது எப்படி?

கொட்டியாரக்குடா (கேள்வி)

வணக்கம். மூதூர், வெருகல் பக்கம் 24 மலசலகூடங்கள் கட்டும் வேலை. ஒக்ரோபருக்குள் முடிந்திருக்க வேண்டும். 15 தான் முடிந்தது. மிச்சம் 9 மழைக்குள் அகப்பட்டு பெப்ரவரியில் முடிந்தன. குழி வளையங்கள் (குழியின் கரை இடியாமல் உள்ளே இறக்கும் கொங்கிரீட் வளையங்கள்) பிந்தி வந்தது ஒரு காரணம் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை.

அடுத்த கட்டம் மே மாதம் தொடங்குகிறது. அதற்கு முதல் 9 பேரையும் இருத்திக் கதைக்க வேண்டும்: இணைப்பாளர், கள உத்தியோகத்தர் மூவர், கொள்வனவு, கணக்கு, சாரதி, இரண்டு மேசன்மார். கிடைப்பது 75 நிமிடம். எப்படிப் பிரிப்பது? இணைப்பாளர் இருக்கும்போது மற்றவர்கள் கதைப்பார்களா?

நிலாவெளி அக்கா

தம்பி, முதலில் நேரத்தைப் பிரித்துத் தருகிறேன்.

நோக்கமும் விதியும் 5 நிமிடம். நடந்ததை மாதவாரியாகச் சுவரில் வைப்பது 15. பேசாமல் எழுதுவது 7. வாசித்து ஒன்றுசேர்ப்பது 13. எது முக்கியம் என்று ஆளாளுக்குப் புள்ளி போடுவது 3. இரண்டு விடயங்களை மட்டும் எடுத்துக் காரணத்தைத் தோண்டுவது 20. தீர்மானம் எழுதுவது 10. கடைசி 2 நிமிடத்தில் தீர்மானங்களைச் சத்தமாக வாசிப்பது.

பெரும்பாலான கூட்டங்கள் கெடுவது அந்த 15 நிமிடத்தை விடுவதால்தான். "என்ன பிழை நடந்தது?" என்று எடுத்தவுடன் கேட்டால் எல்லாருக்கும் கடைசி இரண்டு கிழமைதான் ஞாபகம் வரும். பெப்ரவரிச் சேறும் சகதியும் பேசப்படும், ஜூனில் எடுக்காமல் விட்ட முடிவு பேசப்படாது. நான்கு டிமை தாளை நீளத்துக்கு ஒட்டி, மேயிலிருந்து பெப்ரவரி வரை மாதங்களைக் குறியுங்கள். மேலே திட்டமிட்ட திகதி, கீழே நடந்த திகதி. ஒப்பந்தம், பயனாளிப் பட்டியல், விலைமனு, கட்டளை கொடுத்த நாள், முதல் லொறி வந்த நாள், முதல் பெருமழை. இவற்றை ஞாபகத்திலிருந்து கேட்காதீர்கள், முதல்நாளே வவுச்சரையும் சாரதியின் ஓட்டப் பதிவையும் பார்த்து எடுத்து வையுங்கள். திகதி கண்முன்னே இருந்தால் "நான் அப்போதே சொன்னேன்" என்ற வாக்குவாதம் பாதி குறைந்துவிடும்.

எழுதுவதற்கு ஏ4 தாளை நான்காக வெட்டினால் போதும். ஆளுக்கு 4 துண்டு, ஒரு துண்டில் ஒரு விடயம், தடித்த மாக்கரால். "தொடர்பாடல் குறைவு" என்று எழுதியதை ஏற்காதீர்கள், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "வளையம் எந்த நாள் வருமென்று மேசனுக்குச் சொல்லப்படவில்லை" என்று திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

நன்றாக நடந்ததையும் அதே அக்கறையோடு கேளுங்கள். அந்த 15 ஏன் நேரத்துக்கு முடிந்தன? விடையில் பாதி அங்கேதான் இருக்கும்.

சீனக்குடா 31

அக்கா சொன்ன "தோண்டுவது" பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் 20 நிமிடமும் வீணாவது வழக்கம்.

'ஏன்' என்று அடுத்தடுத்துக் கேட்பது எளிது. மூன்றாவது 'ஏன்'இல் விடை ஒரு ஆளின் பெயராக வந்துவிடும், அதோடு எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். உங்கள் விடயத்தையே எடுத்துக்கொள்வோம் (ஊகம்தான், உங்கள் சுவரில் வேறு வரலாம்):

9 ஏன் முடியவில்லை? மழைக்கு முதல் வளையம் இறங்கவில்லை. நிலத்தடி நீர் ஏறினால் குழியில் தண்ணீர் நிற்கும், கரை இடியும், வளையம் இறக்க முடியாது. ஏன் இறங்கவில்லை? கட்டளை ஓகஸ்டில்தான் போனது. ஏன்? கொள்வனவு உத்தியோகத்தர் பிந்திவிட்டார்.

இங்கே நிற்காதீர்கள். "அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தாலும் பிந்தியிருக்குமா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் காரணம் ஆளிடம் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. பயனாளிப் பட்டியலைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய பிறகே விலைமனு கேட்பது என்ற ஒழுங்காக இருக்கலாம். அப்படியென்றால் கவனியுங்கள்: குழி 24, குழிக்கு இத்தனை வளையம் என்பது ஒப்பந்தம் எழுதிய நாளிலேயே தெரியும். யாருடைய வளவு என்பதுதான் தெரியாது. வளையக் கட்டளைக்குப் பட்டியல் தேவையே இல்லை.

கணக்குப் புத்தகம்

இணைப்பாளர் பற்றிக் கேட்டீர்கள். அவர் கூடலை நடத்தக்கூடாது, வேறு திட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் நடத்தட்டும். தொடக்கத்தில் இணைப்பாளர் இரண்டே வசனம் சொல்ல வேண்டும்: தன் பக்கத்தில் பிந்திய ஒரு முடிவு எது, இங்கே பேசுவது யாருடைய வருடாந்த மதிப்பீட்டுக்கும் போகாது. பிறகு மற்ற எட்டுப் பேரும் வாசித்து முடிந்த பின்புதான் அவர் தன் துண்டுகளை வாசிக்க வேண்டும். சேர் முதலில் சொன்னால் மிச்ச எட்டும் அதன் பிரதியாகத்தான் இருக்கும்.

நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கை வேறு, இது வேறு. சுவரைப் படம் எடுத்து வைக்கலாம், யார் எதைச் சொன்னார் என்று எழுதக்கூடாது. பணத்தில் முறைகேடு என்று ஏதாவது எழும்பினால் அதை அந்த இடத்தில் விசாரிக்க வேண்டாம். குறித்து, அதற்குரிய வழியில் அனுப்பிவிட்டுக் கூடலைத் தொடருங்கள்.

புள்ளி போடுவதில் அக்காவோடு எனக்கு உடன்பாடு குறைவு. ஆளுக்கு 3 புள்ளி, மொத்தம் 27. கள உத்தியோகத்தர் மூவரும் ஒரே விடயத்துக்குப் போட்டால் அதுவே வெல்லும். சாரதிக்கு மட்டும் தெரிந்த, லொறி உள்ளே போகாத ஒழுங்கை (சிறு வீதி) ஒரு புள்ளியோடு கிடக்கும்.

நிலாவெளி அக்கா

அது சரியான குறை. தோண்டும் இரண்டில் ஒன்றைப் புள்ளியால் எடுங்கள். மற்றதை "திரும்ப நடந்தால் அதிக நாள் எதனால் போகும்?" என்று கேட்டு நடத்துபவர் தெரிவுசெய்யட்டும்.

கொட்டியாரக்குடா

நன்றி எல்லாருக்கும். இரண்டு சந்தேகம். ஒரு மேசனுக்கு எழுத வராது. கள உத்தியோகத்தர் ஒருவர் சேருநுவரப் பக்கம், சிங்களத்தில் எழுதுவார்.

சீனக்குடா 31

மேசனுக்கு முதல்நாள் போய் அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே எழுதி எடுங்கள். கூட்டத்தில் வைத்து "உங்களுக்கு நான் எழுதித் தரவா" என்று கேட்பது அவரைக் குறுக வைக்கும். மற்றவர் சிங்களத்திலேயே எழுதட்டும், வாசிக்கும்போது ஒருவர் மொழிபெயர்க்கட்டும். அதற்கு இன்னும் 10 நிமிடம் ஒதுக்குங்கள், தோண்டும் நேரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

நாளையும் யோசியுங்கள். வெள்ளி மதியம் ஜும்மா, அன்று வேண்டாம். வெருகலிலிருந்து வருபவர்கள் இருப்பதால் காலை 10 மணிக்குத் தொடங்குங்கள். பின்னேரம் வைத்தால் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கணக்குப் புத்தகம்

தீர்மானம் மூன்றுக்கு மேல் வேண்டாம். "இனி நேரத்துக்குத் திட்டமிடுவோம்" என்பது தீர்மானமே இல்லை. "ஒப்பந்தம் கைச்சாத்தாகி 10 நாளுக்குள், பட்டியலுக்குக் காத்திராமல், வளையத்துக்கு மூன்று விலைமனு, பொறுப்பு கொள்வனவு உத்தியோகத்தர், கையெழுத்துத் தாமதமானால் இணைப்பாளர் அன்றே போடுவார்" என்று எழுதுங்கள். பொறுப்புக்கு ஒரே ஒருவர், "குழு" என்று போட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள். அந்தத் தாளை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு விடவும் கூடாது. மே மாத வேலைத்திட்டத்தில் அந்த வரிகளை ஏற்றிவிட்டு, மாதாந்தக் கூட்டத்தின் முதல் 5 நிமிடத்தில் அதே தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: நடந்ததா, இல்லையா, இல்லையென்றால் எது தடுத்தது.