குளிரூட்டும் வானியல் கேமரா: இணைப்பு அறுந்துபோதலும் கெயின், ஆஃப்செட் அமைப்பும்

கேள்வி: கோவை_இரவுவான்

அனைவருக்கும் வணக்கம். இதுவரை டிஎஸ்எல்ஆர் கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்திப் படமெடுத்து வந்த நான், இவ்வாண்டு ஐஎம்எக்ஸ்533 சென்சார் கொண்ட, குளிரூட்டும் வசதியுள்ள வண்ணக் கேமராவுக்கு மாறியிருக்கிறேன். என்னிடம் இருப்பது 400 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள சிறிய லென்ஸ் தொலைநோக்கி. விண்டோஸ் மடிக்கணினியில், வானியல் கருவிகளை மென்பொருள்களோடு இணைக்கும் ஆஸ்காம் தளத்தையும் கேமராவின் டிரைவரையும் நிறுவி, படமெடுப்பை நடத்தும் நினா மென்பொருள் வழியாகக் கேமராவை இயக்குகிறேன். ஃபோகஸ் பார்ப்பதற்கு மட்டும் ஷார்ப்கேப் என்னும் மற்றொரு படமெடுப்பு மென்பொருளைத் திறந்துகொள்கிறேன்.

நான் படமெடுக்கும் இடத்தில் கோடை இரவின் வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. சென்சாரை மைனஸ் 10 டிகிரிக்குக் கொண்டுவரச் சொன்னால், குளிரூட்டியின் திறன் 100 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் கேமராவின் இணைப்பும் அறுந்துபோகிறது. இணைப்பு நிலைத்திருக்கும் வேளைகளிலும், சில படங்களின் கீழ்ப்பகுதி கிடைமட்டமாக வெட்டி நகர்த்தி வைத்தது போலப் பதிவாகிறது. டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்த்தும் மாற்றமில்லை. 12 வோல்ட் மின்சாரம், தரையில் வைத்த பேட்டரியிலிருந்து நீளமான கம்பி வழியாக வருகிறது.

சித்திரை மாதத்தில் ஒமேகா சென்டாரி என்னும் கோள வடிவ விண்மீன் கொத்தைப் படமெடுக்க எண்ணியிருக்கிறேன். கெயின் (சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு), ஆஃப்செட் (எல்லாப் பிக்சல் மதிப்புகளோடும் கூட்டப்படும் அடிப்படை எண்) ஆகிய இரண்டுக்கும் என்ன எண்களை வைக்க வேண்டும், இணைப்புச் சிக்கலை எங்கிருந்து ஆராயத் தொடங்க வேண்டும் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பன்னிரண்டு_வோல்ட்

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், மென்பொருளைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தையும் கேபிளையும் சரிபார்ப்பதே முறை. இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் மின்சாரம் குளிரூட்டிக்கு மட்டுமே செல்கிறது. சென்சாரும் அதைச் சார்ந்த மின்சுற்றுகளும் யுஎஸ்பி கேபிள் வழியாக மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. ஆகவே இரண்டு வழிகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

குளிரூட்டி முழுத் திறனில் ஓடும்போது ஏறக்குறைய 3 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய, நீளமான கம்பியில் அவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தால், பேட்டரியின் முனையில் 12.5 வோல்ட் இருந்தாலும் கேமராவின் முனையில் 11.5 வோல்ட்டுக்கும் கீழே போய்விடக்கூடும். குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமராவுக்கு அருகில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். குளிரூட்டியை நிறுத்தி வைத்து அளப்பதால் எதுவும் தெரியாது. தடித்த கம்பியை வாங்கி நீளத்தைக் குறைப்பதே மலிவான தீர்வு.

அடுத்தது நீங்கள் கேட்கும் வெப்பநிலை. இவ்வகைக் குளிரூட்டிகள் சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி அளவுக்கே கீழே கொண்டுபோக வல்லவை. 28 டிகிரி இரவில் மைனஸ் 10 என்பது 38 டிகிரி வேறுபாடு; அதை அந்தக் கருவியால் எட்டவே முடியாது. 0 டிகிரியில் நிறுத்துங்கள். சென்சாரின் இருள் மின்னோட்டம் (ஒளியே படாதபோதும் வெப்பத்தால் சேரும் சமிக்ஞை) ஏறத்தாழ ஒவ்வொரு 6 அல்லது 7 டிகிரிக்கும் இரு மடங்காகும் என்பது உண்மைதான். ஆனால் ஐஎம்எக்ஸ்533 இயல்பிலேயே இருள் மின்னோட்டம் மிகக் குறைந்த சென்சார் என்பதால், நம் ஊர் வானத்தின் பின்னணி ஒளியோடு ஒப்பிட்டால் 0 டிகிரிக்கும் மைனஸ் 10 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு படத்தில் தெரியாது. குளிரூட்டி 60 முதல் 80 சதவீதத் திறனில் நிலைபெறும் வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்தால், காற்று சற்று வெதுவெதுப்பானாலும் அது தாக்குப்பிடிக்கும்.

படம் வெட்டுப்பட்டு வருவது யுஎஸ்பி தரவுப் போக்கு தடுமாறுவதன் அடையாளம். 3 மீட்டருக்கு மேற்பட்ட கேபிளைப் பயன்படுத்தாதீர்கள்; இடையில் மின்சாரமில்லாத ஹப் எதுவும் இருக்கக் கூடாது. டிரைவர் அமைப்பில் யுஎஸ்பி வேக வரம்பு என்ற ஒன்று இருக்கும். அதை 40 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். கோள்களைக் காணொளியாகப் பதிவுசெய்பவர்களுக்கே அந்த வேகம் தேவை. 3008 பிக்சலுக்கு 3008 பிக்சல் அளவுள்ள உங்கள் படம் ஒன்று ஏறக்குறைய 18 மெகாபைட். அது ஒரு நொடி தாமதமாக வந்தால் எந்த நட்டமும் இல்லை. விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்புகளில், பயன்படாத யுஎஸ்பி வாயிலைத் தானாக உறங்கச் செய்யும் தெரிவையும் அணைத்துவிடுங்கள். தொலைநோக்கியைத் தாங்கி வானத்தைப் பின்தொடரும் மவுண்ட் திரும்பும்போது கேபிள் இழுபடாமல், கேமராவுக்கு அருகிலேயே ஒரு கட்டுப் போட்டுவிடுவதும் அவசியம். இதை யாரும் கையேட்டில் அழுத்திச் சொல்வதில்லை.

மறுமொழி: தென்வானம்

மேலே நண்பர் சொன்னவற்றோடு ஒத்துப்போகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: ஷார்ப்கேப்பும் நினாவும் ஒரே நேரத்தில் ஒரு கேமராவைப் பிடித்திருக்க முடியாது. ஒன்றில் இணைப்பைத் துண்டித்த பிறகே மற்றொன்றில் இணைக்க வேண்டும். நினாவிலேயே தொடர்ந்து படமெடுத்து விண்மீன்களின் அகலத்தை எண்ணாகக் காட்டும் வசதி இருப்பதால், ஃபோகஸுக்காக வேறு மென்பொருளைத் திறக்கத் தேவையே இல்லை.

நினாவின் கேமராப் பட்டியலில் ஒரே கேமரா இரண்டு முறை தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று தயாரிப்பாளரின் நேரடி டிரைவர் வழி, மற்றொன்று ஆஸ்காம் வழி. நேரடி வழியைத் தேர்ந்தெடுத்தால் கெயின், ஆஃப்செட், வேக வரம்பு ஆகிய அனைத்தும் நினாவின் திரையிலேயே கிடைக்கும். மவுண்ட், ஃபோகஸர் போன்றவற்றுக்கு ஆஸ்காம் தேவைப்படும் என்பதால் அதை நீக்க வேண்டாம்.

இனி கெயின். இந்த சென்சாரில் ஒரு குறிப்பிட்ட கெயினைத் தாண்டியதும் வாசிப்பு இரைச்சல் (பிக்சல் மதிப்புகளைப் படிக்கும்போது மின்சுற்று சேர்க்கும் இரைச்சல்) சட்டென்று இறங்கும். பல கேமராக்களில் அந்த எண் 100. ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் கெயினைத் தமக்கேற்ற அளவுகோலில் எண்ணுவதால், பிறர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் கேமராவின் கையேட்டிலுள்ள வரைபடத்தில் அந்த இறக்கம் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஷார்ப்கேப்பின் சென்சார் ஆய்வு வசதியைக் கொண்டு, சீரான ஒளியுள்ள ஒரு வெள்ளைப் பரப்பை நோக்கிக் கேமராவை வைத்து நீங்களே அளந்துகொள்ளவும் முடியும். அந்த எண்ணுக்கு மேல் கெயினை உயர்த்தினால் இரைச்சலில் சிறிதளவே ஆதாயம் கிடைக்கும். பிரகாசமான விண்மீன்களின் நிறத்தை இழப்பதோ மிகுதி.

ஆஃப்செட்டின் வேலை, மிக இருண்ட பிக்சலும் பூச்சியத்தில் மோதிவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. கெயினை முடிவுசெய்தபின், மூடியைப் போட்டு மிகக் குறுகிய எக்ஸ்போஷரில் ஒரு படமெடுத்து, புள்ளிவிவரப் பகுதியில் மிகக் குறைந்த மதிப்பைப் பாருங்கள். அது பூச்சியமாக இருந்தால் ஆஃப்செட்டை உயர்த்துங்கள். இந்த சென்சார் 14 பிட் தரவைத் தருகிறது. அது ஃபிட்ஸ் என்னும் வானியல் பட வடிவத்தில் 16 பிட் கோப்பில் 4 ஆல் பெருக்கப்பட்டுச் சேமிக்கப்படுவதால், மதிப்புகள் நான்கு நான்காகத் தாவுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். உச்சவரம்பும் அதே காரணத்தால் 65532 ஆக இருக்கும்.

ஒமேகா சென்டாரிக்கு அந்த உச்சவரம்பு மிக முக்கியம். கோவையிலிருந்து அது தெற்கே மிக உயரமாக வரும்போதும் அடிவானத்திலிருந்து 31 டிகிரியே மேலே நிற்கும்; ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டி அந்த இடத்துக்கு வந்துசேரும். உங்கள் அமைப்பில் ஒரு பிக்சல் 1.94 விநாடிக் கோணத்தையும், முழுப் படம் ஏறக்குறைய 1.6 டிகிரியையும் காட்டும் என்பதால் கொத்து சட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். 30 நொடியில் ஓர் எக்ஸ்போஷர் எடுத்து, விண்மீன்களின் மையங்கள் எத்தனை இடங்களில் 65532 ஐத் தொட்டிருக்கின்றன என்று பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். நெபுலாக்களுக்குப் பழகிய 300 நொடி எக்ஸ்போஷரை இங்கே கொண்டுவந்தால், கொத்தின் நடுப்பகுதி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

கோவை_இரவுவான்

இருவருக்கும் நன்றி. கம்பியை மாற்றி, 0 டிகிரியில் வைத்துப் பார்த்தேன். குளிரூட்டி 70 சதவீதத்தை ஒட்டி நிலைபெறுகிறது, இணைப்பும் அறுபடவில்லை. வேக வரம்பைக் குறைத்தபின் வெட்டுப்பட்ட படங்களும் வரவில்லை. மூடியைப் போட்டு எடுத்து, பிறகு படத்திலிருந்து கழிக்கும் டார்க் படங்களை ஒவ்வோர் இரவும் எடுக்க வேண்டுமா? மேலும், வடக்கே கட்டடங்களும் அடிவானப் புகைமூட்டமும் துருவ விண்மீனை மறைப்பதால் மவுண்டின் அச்சை வானத் துருவத்தோடு ஒழுங்குபடுத்துவது பெரும்பாடாக இருக்கிறது.

மறுமொழி: பன்னிரண்டு_வோல்ட்

ஒவ்வோர் இரவும் தேவையில்லை. குளிரூட்டும் கேமராவை வாங்குவதன் பெரிய பயனே அதுதான். வெப்பநிலை, கெயின், ஆஃப்செட், எக்ஸ்போஷர் நேரம் ஆகிய நான்கும் ஒத்திருக்கும்வரை, வீட்டில் பகலில் எடுத்த டார்க் தொகுப்பைப் பல மாதங்கள் பயன்படுத்தலாம். இதனால்தான் மார்கழிக் குளிரில் மைனஸ் 10 எட்டக்கூடியதாக இருந்தாலும், ஆண்டு முழுவதும் 0 டிகிரியிலேயே இருங்கள் என்பேன். நினாவின் கோப்புப் பெயர் அமைப்பில் இந்த நான்கு மதிப்புகளும் பெயரிலேயே இடம்பெறும்படி செய்துவிட்டால் பிற்பாடு குழப்பம் வராது. சீரான ஒளிப் பரப்பை நோக்கி எடுக்கும் ஃபிளாட் படங்கள் மட்டும் அன்றன்றைக்கு எடுக்கப்பட வேண்டியவை. தூசியும் கேமராவின் கோணமும் மாறிவிடும்.

மறுமொழி: தென்வானம்

0 டிகிரியை ஆண்டு முழுவதும் வைத்திருப்பது வசதியே. ஆயினும் குறிப்பிட்ட சில நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் குறுகிய அலைவரிசை ஃபில்டருடன் நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பவர்களுக்கு வானப் பின்னணி மிகவும் இருண்டிருக்கும் என்பதால், அவர்கள் குளிர்காலத்துக்கு மைனஸ் 10 இல் இன்னொரு தொகுப்பு வைத்திருப்பது வீண் என்று சொல்லமாட்டேன்.

துருவ விண்மீன் கோவையில் 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. அது தெரியாமல் போவது இங்கே எல்லோருக்கும் உள்ள தொல்லை. நினாவுக்கு மும்முனைத் துருவ ஒழுங்கமைப்பு என்னும் கூடுதல் செருகுநிரல் உண்டு. அது வானத்தின் எந்தத் திறந்த பகுதியிலும் மூன்று படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் மையத்தையும் பிளேட் சால்விங் முறையில் (படத்திலுள்ள விண்மீன்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு) கண்டறிந்து, மவுண்டின் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டும். திருகுகளைத் திருப்பத் திருப்ப அந்த எண் குறைவதைத் திரையிலேயே பார்க்கலாம். ஆஸ்டாப் போன்ற பிளேட் சால்விங் மென்பொருளை நிறுவும்போது அதற்கான விண்மீன் பட்டியலைத் தனியாகத் தரவிறக்க வேண்டும். குவியத்தூரம், பிக்சல் அளவான 3.76 மைக்ரான், இருப்பிடம், கணினியின் நேரம் ஆகியவற்றையும் சரியாகக் கொடுங்கள். குவியத்தூரத்தைக் குறைக்கும் ரெட்யூசரைப் பொருத்தியிருந்தால், 400 என்பதற்குப் பதிலாகக் குறைந்த மதிப்பையே எழுத வேண்டும். பிளேட் சால்விங் தோற்கும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது குவியத்தூரத்தை எழுதும் அந்தப் பெட்டியைத்தான்.