லண்டன் – நியூயார்க்: ஜனவரியில் பறந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் அம்மா முதல்முறையாகத் தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கிறார். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் வரை, அங்கே இன்னொரு விமானம் மாற வேண்டும். இடையில் இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது.

தூரம் சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறேகால் மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டிலோ எட்டு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, தரையிறங்கக் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும், சரி. மேற்கே போகும்போது ஜெட் காற்று (வானில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று) எதிரே அடிக்கும், குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக இருக்கும் என்பதும் தெரியும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

என் கவலை போகும் பயணம்தான். குளிர்காலத்தில் இந்த வழியில் போனவர்கள், டிக்கெட்டில் இருந்த நேரத்துக்கு இறங்கினீர்களா? எவ்வளவு தாமதமானது? நியூயார்க்கிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமே, இரண்டரை மணி நேரம் போதுமா? அம்மாவால் வேகமாக நடக்க முடியாது. அடுத்த விமானத்துக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். சக்கர நாற்காலி உதவி கேட்டவர்கள் இருந்தால் அப்புறம் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்.