இங்க்ஸ்கேப்: வட்டத்தை மாத்தினால் தொடலி கூடவே வருதில்லை, அவசரம்

உப்புவெளிப்பொடியன்: இங்க்ஸ்கேப் எண்ட கீறுற மென்பொருளில போட் ஸ்டிக்கர் கீறி வெட்டோணும், விடிய கொட்பே துறைமுகத்துக்குப் போகோணும். ரெண்டு வட்டம், அதுகளை இணைச்சு மேலயும் கீழயும் தொடலி (வட்டத்தை ஒரு புள்ளியில மட்டும் தொடுற கோடு). பெரிய வட்டத்தைப் பெருப்பிச்சால் கோடு பழைய இடத்திலயே நிக்குது. கைட்லைனும் (உதவிக் கோடு) போட்டனான். ஆராவது சொல்லுங்கோ.

கிண்ணியா_சைன்: எந்த வேர்ஷன்? வட்டம் எத்தன மிமீ? கோட்ட புள்ளியோட ஒட்ட வைக்கிற ஸ்னாப் ஓன்ல இருக்கா? ஒண்டும் சொல்லாம கேட்டா எப்புடி?

லிங்கநகர்: ரூலர் ரெண்டும் சந்திக்கிற மூலையில கைட்லைனைப் பூட்டுற சின்னப் பூட்டு இருக்கும், அது விழுந்திருக்கும். எனக்கு எப்பவும் அதுதான்.

உப்புவெளிப்பொடியன்: பூட்டு இல்லை, கைட்லைன் அசையுது.

ஓர்ஸ்ஹில்_மாஸ்டர்: தம்பி, ஓஎல் பரீட்சைக்குக் கணிதம் செய்தனீரோ? கைட்லைன் மேசன் கட்டுற நூல் மாதிரி. கீறேக்க ஒட்டும், பிறகு உறவில்லை. நீர் கேக்கிறது கன்ஸ்ட்ரெயின்ட், எப்பவும் விடாமப் பிடிச்சிருக்கிற கட்டுப்பாடு. இங்க்ஸ்கேப்பில அது கிடையாது. ஃப்ரீகாட் எண்ட வரைபட மென்பொருளின்ர ஸ்கெச்சரில தொடலி எண்டு ஒருக்காக் குடுத்தால் ஆரையை மாத்த மாத்தக் கோடும் பின்னால வரும்.

கிண்ணியா_சைன்: மாஸ்டர், விடிய வேல இருக்கிற புள்ளைக்கி இப்ப ஃப்ரீகாட் படிக்கச் சொல்றீங்களே! இங்க்ஸ்கேப் 1.2 வேர்ஷனுக்குப் பொறகு ஸ்னாப் பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறிய அமத்தினா தொடலி ஸ்னாப் இருக்கு.

ஓர்ஸ்ஹில்_மாஸ்டர்: அது ஒரு வட்டத்துக்குத்தான் சரி. ரெண்டுக்கும் பொதுத் தொடலி எண்டால் கையாலதான் அமைக்கோணும். பெரிய வட்டம் ஆரை 60, சின்னது 25 எண்டு வையும். பெரிய வட்ட மையத்தில, 60இல 25ஐக் கழிச்சு 35 ஆரையில உதவி வட்டம் ஒண்டு. சின்ன வட்ட மையத்தில இருந்து அதுக்குத் தொடலி. பெரிய மையத்தில இருந்து தொடுபுள்ளிக்கூடாகக் கோடு நீட்டினால் பெரிய வட்டத்தை ஒரு இடத்தில வெட்டும். தொடலியைச் சமாந்தரமா நகர்த்தித் தொடுபுள்ளியில இருந்த முனையை அங்க ஒட்டும். மற்ற முனை தானாச் சின்ன வட்டத்தில விழும்.

லிங்கநகர்: எல்லாம் சரி, பழைய ஃபைலெண்டால் வெட்ட முன்னம் அளவைப் பாருங்கோ. 0.92க்கு முன்னம் அங்குலத்துக்கு 90 பிக்சல், இப்ப 96.

கிண்ணியா_சைன்: 2017ல மாத்தினத இன்னும் சொல்லிட்டிருக்கிறீங்க. மிமீல வரைஞ்சா அந்தப் பிரச்சினையே இல்ல.

லிங்கநகர்: மிமீ எண்டாலும் எங்கட ஸ்டிக்கர் வெட்டுற கட்டர் மெஷின்ர சொஃப்ட்வெயர் பிக்சலாத்தான் வாசிக்கும்.

கிண்ணியா_சைன்: அப்ப குத்தம் கட்டர்லதான்.

உப்புவெளிப்பொடியன்: மேல்கோடு சரி வந்திட்டு. கீழதை வி (V) கீயை அமத்திப் புரட்டி ஒட்டினன். நன்றி மாஸ்டர், வெட்டப் போறன்.

லிங்கநகர்: தம்பி, முதல்ல பேப்பரில ஒண்டு வெட்டி அடிமட்டம் வைச்சுப் பாரும்!