கடனுக்குப் பயந்து ஓடிய நீதிபதி: ஜேம்ஸ் வில்சனை மறந்தது நியாயமா?

கறுப்பு அங்கி:
அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் (1776), அரசியல் சாசனம் (1787) இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் ஆறே பேர். அதில் ஒருவர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்தில் பிறந்து, பிலடெல்பியாவில் ஜான் டிக்கின்சனிடம் தொழில் கற்று வக்கீலானவர். சாசனம் எழுத பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில், அமெரிக்காவுக்கு ஒரே ஆள்தான் தலைவர் என்று 1787 ஜூன் 1 அன்று முன்மொழிந்தவர் இவர். அந்தத் தலைவராக வரப்போகிறவர் என்று எல்லோரும் நினைத்த வாஷிங்டன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், யார் என்ன பேசுவது? கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றவரும் இவரே. இவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

உப்புக்கல்:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள் சார். பத்தே நாள் கழித்து, ஜூன் 11 அன்று, காங்கிரஸில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று மக்கள்தொகையை எண்ணும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கில் சேர்க்கலாம் என்று முன்மொழிந்ததும் இதே வில்சன்தான். மக்கள், மக்கள் என்று முழங்கிய வாய் அது.

கறுப்பு அங்கி:
அந்தக் கணக்கு 1783இலேயே காங்கிரஸில் வரிக்காகப் போட்டது. அடிமைகளை அதிகம் வைத்திருந்த தென் மாநிலங்களைக் கூட்டத்தில் இருத்திவைக்க அதை எடுத்து நீட்டினார். ஜூலையில் அவரே எழுந்து, ‘அடிமைகள் குடிமக்கள் என்றால் ஏன் முழுதாக எண்ணவில்லை? சொத்து என்றால் மற்ற சொத்துகளை ஏன் எண்ணவில்லை?’ என்று கேட்டார்.

உப்புக்கல்:
கேட்டார், சரி. அப்புறம் ஓட்டு எந்தப் பக்கம் போட்டார்? ஓட்டைப் பாத்திரம் என்று தெரிந்தே விற்றவர் என்பேன்.

தாழ்வாரம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 1779 அக்டோபரில் ஆயுதம் ஏந்திய கூட்டம் அவர் வீட்டை முற்றுகையிட்டது. விலைவாசிக் கோபம் ஒரு காரணம். இன்னொன்று, பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்ததாகத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக அவர் கோர்ட்டில் நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. யாரும் தொடப் பயந்த வழக்கை எடுத்த வக்கீல் என்பதற்காவது ஒரு கும்பிடு போடலாமே.

உப்புக்கல்:
போடுகிறேன். ஆனால் நிலத்தை வாங்கிக் குவித்து, கடன் தலைக்கு மேல் ஏறி, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருக்கும்போதே 1797இல் நியூஜெர்சியின் பர்லிங்டன் சிறைக்குப் போனாரே? அங்கிருந்து வெளியே வந்து வட கரோலினாவுக்கு ஓடி, அங்கும் உள்ளே போனார். 1798 ஆகஸ்டில் ஈடன்டன் ஊர்ச் சத்திரத்தில் செத்தபோதும் நீதிபதிதான். பதவியை விடக்கூடத் தோன்றவில்லை.

கறுப்பு அங்கி:
ராபர்ட் மோரிஸும் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர், அவரும் நிலத்தில் மூழ்கிக் கடன்சிறையில் கிடந்தவர். அவரை யாரும் இப்படி ஒதுக்கவில்லையே தம்பி.

உப்புக்கல்:
மோரிஸ் வியாபாரி சார், தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் உட்காரவில்லை.

தாழ்வாரம்:
ஒரு விஷயம். 1906இல் வில்சன் உடலை ஈடன்டனில் தோண்டி எடுத்து, பிலடெல்பியாவில் மரியாதையோடு மறுபடி புதைத்தார்கள். 108 வருஷம் கழித்து.

உப்புக்கல்:
சரி, மக்கள் ஓட்டு விஷயத்தில் அவர் காலத்துக்கு முந்தியவர்தான், ஒப்புக்கொள்கிறேன். கடன் விஷயத்தில் மாட்டேன்.