கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிய அனுபவம்

காரைக்குடிக்கு வருபவர்களில் பலர் நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி என்று ஒரே நாளில் ஓடி முடித்து, இரவு வண்டியில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் தை மாதத்தில் குடும்பத்தோடு சென்றபோது கானாடுகாத்தானை ஒட்டிய கிராமம் ஒன்றில் பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டையே வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். செட்டிநாட்டில் பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது வீடுதான். அதை நுழைவுக் கட்டணம் செலுத்தி அரை மணி நேரம் சுற்றிப் பார்ப்பதைவிட, அதற்குள்ளேயே சமைத்து, உண்டு, உறங்கிப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

வீட்டைப் பிடித்துக் கொடுத்த தரகர் அனுப்பிய படங்களில் முழு வீடும் இருந்தது. போய் இறங்கிய பிறகுதான் முகப்பும், வளவை, அதாவது வீட்டின் நடுவே உள்ள முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகளில் இரண்டும், பின்கட்டில் உள்ள அடுப்படியும் மட்டுமே எங்களுக்கு உரியவை என்று தெரிந்தது. மற்ற அறைகள் அனைத்திலும் பூட்டுத் தொங்கியது. இதில் வீட்டாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்தார் வழக்கப்படி மகனுக்குத் திருமணம் ஆனதும் அவன் குடும்பம் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கிடப்படும். அதற்கென்று வளவில் ஓர் அறையும் ஒதுக்கப்படும். தலைமுறைகள் பெருகப் பெருக ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலராகி, சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலுமாகப் பரவியிருக்கிறார்கள். திருமணம், அறுபதாம் கல்யாணம் போன்ற விசேஷங்களுக்கு வரும்போது அவரவர் அறையை அவரவர் திறந்துகொள்கிறார்கள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எந்தெந்த அறைகள் கிடைக்கும், அந்தத் தேதிகளில் பங்காளிகள் வீட்டு விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் தரகர் இதைத் தாமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

தை மாதத்திலேயே நண்பகல் வெயில் காட்டமாகத்தான் இருந்தது. ஆனால் வளவுக்குள் வந்துவிட்டால் மின்விசிறி இல்லாமலே படுத்துக்கொள்ள முடிந்தது. உயரமான கூரை, தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் வானம் தெரியும் முற்றம், இவை போதாவென்று முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால் தெருவிலிருந்து வரும் காற்று வீட்டை ஊடுருவிப் பின்தெருவுக்குப் போய்விடுகிறது. முற்றத்தின் மூலையில் பெரிய அண்டா ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, “ஐப்பசி மழைக்கு அதை நிமித்தி வச்சிருவோம் தம்பி, ஓட்டுல இருந்து விழுற தண்ணியப் புடிச்சு வச்சாக் குடிக்க அதுதான்” என்றார். வறண்ட நிலத்தில் ஊர் அமைத்தவர்கள் கூரையையும் ஊருணியையும் எப்படிக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பது விளக்கப் பலகை எதுவும் இல்லாமலே புரிந்தது.

கோயில்களும் நண்பகலில் நடை சாத்திவிடுவதால், அதிகாலையில் கிளம்பிப் பத்து மணி வாக்கில் திரும்பி, மறுபடி நான்கு மணிக்கு மேல் வெளியே செல்வது என்று வைத்துக்கொண்டோம். காலைப் பொழுதுக்குத் திருமயம் மிகவும் ஏற்றது. சேதுபதி மன்னர் 1687இல் கட்டிய கோட்டை அது. வெயில் ஏறுமுன் பாறை உச்சிக்குப் போய்விட்டால் பீரங்கி நிற்கும் மேட்டிலிருந்து சுற்றுவட்டாரக் கண்மாய்கள் எல்லாம் தெரியும். பாறையின் இடையில் குடையப்பட்ட சிறு அறையில் ஒரு லிங்கம் இருக்கிறது. இரும்பு ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்றுகொள்ளலாம். அடிவாரத்தில் அருகருகே உள்ள சிவன், பெருமாள் குடைவரைகளைப் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய திருமெய்யம் இதுதான்.

ஆத்தங்குடிக்குச் செல்பவர்கள் அங்குள்ள பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் சிறிது நேரம் நிற்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கண்ணறைகளில் நிறக்குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். ஒரு நிறம் இன்னொன்றோடு கலந்துவிடாதபடி அச்சை மெல்லத் தூக்கிய பின், உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை; தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு உலர்த்தி எடுக்கும்போது கண்ணாடி தானே பிரிந்துவிடுகிறது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. எங்கள் பிள்ளைகள் அதன் பிறகு வாடகை வீட்டில் செருப்போடு நடக்கவே இல்லை.

பிள்ளையார்பட்டியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடுமுறை நாளைத் தவிர்த்து, காலை நடை திறந்தவுடன் போனால் நெரிசல் இராது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் முடிப்பதாகச் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது தரிசனமா, வண்டியோட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. அவற்றுள் ஒன்றான இரணியூரில் மட்டுமே அரை நாள் நின்று பார்க்குமளவுக்குச் சிற்பங்கள் உள்ளன.

திருப்பத்தூரைத் தாண்டி உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கும் ஒரு மாலை போயிருந்தோம். 1977இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சிறு சரணாலயத்தில் நத்தைக்குத்தி நாரைகள் கண்மாய் மரங்களில் நிறைந்திருந்தன. பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்பதற்காகக் அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. குளிர்கால மாதங்களில் வருபவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கிராமத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் கடை இராது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் காலையில் தயாராக இருந்தன. கவுனி அரிசிக்கு இரவே ஊறவைக்க வேண்டும் என்பதால் கூடுதல் அவகாசம் தேவை. சமையல் கூலி வாடகையில் சேராது, அவரிடமே நேரில் கொடுத்துவிட வேண்டும். தரகரிடம் மொத்தமாகக் கட்டினால் அது அந்த அம்மாவின் கைக்கு எப்போது போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை.